காலியாகத் திரும்பிய டியூப்கள்

1. புள்ளைக்காம்பரா வாசலில்

பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் புள்ளைக்காம்பராவில்தான் என் முதல் நாள் வேலை. கையில் ஒரு பெட்டி வெள்ளை டியூப்கள். எதிரே இருபத்துநாலு பெண்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய சில வருடங்கள் இலங்கையின் பதுளையில் ஓர் ஆய்வுக் குழுவில் கள உதவியாளராக இருந்தேன். லுணுகலைப் பக்கத்தில் தோட்டத் தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் பிறந்தவள் என்பதால் தமிழில் விளக்குவது என் பொறுப்பு. எய்ட்ஸ் போல உடலுறவால் தொற்றும் வைரஸ் நோய்களைத் தடுக்க, பெண்கள் தாங்களே பாவிக்கக்கூடிய ஜெல் ஒன்றை அப்போது பல நாடுகளில் உருவாக்க முயன்றுகொண்டிருந்தார்கள். கணவன் ஆணுறை போட மறுத்தாலும் மனைவி தன்னைக் காத்துக்கொள்ளலாம் என்பது நோக்கம். நாங்கள் கொடுத்த ஜெல்லில் மருந்து கிடையாது. அது ஒழுகுகிறதா, உள்ளே செலுத்தும் பிளாஸ்டிக் குழாய் வலிக்கிறதா என்று முதலில் கேட்டறிய வேண்டும்.

நான் சொல்லி முடித்ததும் பாப்பாத்தி என்றொரு பெண் எழுந்தாள்.

"மருந்தே இல்லாத களிம்ப எதுக்குங்க மிஸ் மலையேறித் தூக்கிட்டு வர்றீங்க?"

"புடிக்குதான்னு பாக்கத்தான். இது நோயத் தடுக்காது. புள்ள உண்டாகுறதையும் தடுக்காது."

"புள்ளையப் பத்தி நாங்க கேக்கவே இல்லையே. நீங்களா எதுக்குச் சொல்றீங்க?"

அன்று ஒருவரும் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை.

2. சிவப்புப் பேனா

அடுத்த வாரம் போனபோது இருபத்துநாலு பேரும் வரிசையாக வந்து ஒப்பமிட்டார்கள். ஒரு வாரத்தில் எப்படி மனம் மாறியது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஒரு மாதம் கழித்து டியூப்கள் திரும்பி வந்தன. எல்லாமே கடைசிச் சொட்டுவரை காலி. ஒவ்வொருத்திக்கும் கொடுத்திருந்த அட்டையில், பாவித்த நாளெல்லாம் சரி போடப்பட்டிருந்தது. என்ன கேட்டாலும் "நல்லா இருக்குங்க" என்றார்கள். அந்த ஜெல்லை நான் உள்ளங்கையில் தடவிப் பார்த்திருக்கிறேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீராகி வழியும். ஒருத்திக்குக்கூடவா ஒழுகவில்லை?

அட்டைகளை மறுபடி புரட்டினேன். இருபத்துநாலிலும் ஒரே சிவப்புப் பேனா, ஒரே சாய்வு.

ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் பாப்பாத்தியின் லயத்துக்குப் போனேன். சாயத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். அட்டைகளைக் காட்டியதும் கதவைச் சாத்தினாள்.

"எல்லாத்தையும் தண்ணி ஓடுற கான்லதான் பிதுக்கி விட்டோம். புள்ளைக்காம்பரா ஆயாதான் அட்டையில சரி போட்டுச்சு."

"அப்ப எதுக்கு ஒப்பம் வச்சீங்க?"

"சேராதவுங்க பேர தோட்டத்துத் தொர கேட்டிருக்காருன்னு வெல்பெயார் ஆபீசர் ஐயா சொன்னாரு. அதுக்கப்புறம் யாரு மாட்டேம்பா? எங்க அக்காவுக்கு மூணாவது புள்ள பொறந்தப்ப ஒரு கடுதாசியில கைநாட்டு வாங்குனாங்க. என்ன கடுதாசின்னு யாரும் சொல்லல. இனிமே புள்ள பொறக்காம இருக்க ஆபரேசன்னு பொறவுதான் தெரிஞ்சுது. நீங்களும் கடுதாசியோடதானே வந்தீங்க?"

கிளம்பும்போது, "எங்க பேரச் சொல்லிறாதீங்க" என்றாள்.

3. டொக்டரின் மேசை

இரண்டு நாள் யோசித்தேன். அந்தச் சம்மதப் படிவங்கள் ஒவ்வொன்றிலும் சாட்சியாக என் கையெழுத்தும் இருந்தது; வெளியே சொன்னால் தவறு என்மேலும் விழும். ஆனால் அட்டைகள் அப்படியே போனால், பெண்களுக்கு இந்த ஜெல்லில் ஒரு குறையும் இல்லை என்றாகிவிடும்.

குழுவின் தலைவர் யாழ்ப்பாணத்து டொக்டர். அதிகம் பேசாதவர். அட்டைகளைக் கொண்டுபோய், கேள்விப்பட்டதைச் சொன்னேன்.

"ஆர் உமக்குச் சொன்னது?"

"பேர் சொல்ல மாட்டேன், டொக்டர்."

"நீர் அவையளோட சேர்ந்து வேலையைக் குழப்புறீர் எண்டு நான் நினைச்சால்?"

"நினைக்கலாம். முதல்ல அட்டையெல்லாம் பாருங்க."

மேசையில் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இதை முழுக்க ரத்துச் செய்து, திரும்பத் தொடங்குவம்" என்றார்.

தோட்டத்துக்கு அவரே போய், யார் சேர்ந்தார்கள் என்ற பட்டியல் இனி எவருக்கும் தரப்படாது என்று தோட்ட மனேஜரான துரையிடம் சொன்னார். பசறை டவுனில் ஓர் அறை எடுத்தோம். சாமான் வாங்க வரும் பெண்கள் விரும்பினால் உள்ளே வரலாம்.

முதல் இரண்டு வாரமும் யாரும் வரவில்லை. மூன்றாவது வாரம் பாப்பாத்தி வந்தாள். படிவத்தை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"எனக்கு வேணாங்க மிஸ். சேரலைன்னே எழுதிக்கங்க."

எழுதினேன். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு ஒன்றும் நேரவில்லை. அடுத்த வாரம் அவள் லயத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கடைசியில் ஏழு பேர் சேர்ந்தார்கள்.

அந்த ஏழு பேரும் வாய் நிறையக் குறை சொன்னார்கள். ஒழுகுகிறது, துணி கறையாகிறது, மாமியாரும் பிள்ளைகளும் படுக்கும் ஒரே காம்பராவில் மறைவு ஏது என்றார்கள். ஒருத்தியின் புருஷன் டியூப்பைக் கண்டுபிடித்து, "இது யாருக்காக?" என்று கேட்டிருக்கிறான். டொக்டர் ஒன்றையும் விடாமல் அறிக்கையில் சேர்த்தார். மருந்து சேர்த்த ஜெல் என் வேலைக்காலத்தில் எங்கள் பக்கம் வரவேயில்லை.

கள வேலைக்கு வரும் பிள்ளைகள் இப்போதும் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. எல்லாரும் "நல்லா இருக்கு" என்றால் சந்தேகப்படுங்கள் என்பேன். "வேணாங்க" என்று ஒருத்தி பயமில்லாமல் சொல்லிவிட்டுப் போக முடிந்த பிறகுதான், மற்றவள் போட்ட ஒப்பத்தை நம்பலாம்.