செட் ஆகல

உத்தமபாளையத்துச் செல்லப்பாண்டிக்கு 'செட்டு' என்றால் மைக் செட்டுதான். தோட்டத்தில் ஓடுவது மோட்டார், கடையில் இலையில் விழுவது பரோட்டா. அதையெல்லாம் பம்பு செட்டு, பரோட்டா செட்டு என்று சொல்ல என்ன யோக்கியதை இருக்கிறது என்பார். தன் ஸ்பீக்கர் பெட்டிகள் அலறாமல் ஊரில் ஒரு காதுகுத்துகூட நடந்ததில்லை என்ற கெத்து அவருக்கு.

பழனிசெட்டிபட்டி மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்த்துவிட்டுக் கிளம்பியதும் மகள் கயலிடம், "பையன் எப்படித்தா?" என்று கேட்டார்.

"பேசுனோம்ப்பா. எங்களுக்கு செட் ஆயிருச்சு."

"எந்த செட்டு?"

மனைவி முத்துலட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள். "புள்ளைக்குப் பையனைப் புடிச்சிருக்காம்ங்க!"

அன்றைக்கு மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த வார்த்தைக்கு இப்படியும் ஓர் அர்த்தம் இருப்பதை டீக்கடை டீக்கடையாகச் சொல்லித் திரிந்தார்.

நிச்சயதார்த்தம் நெருங்கிய வேளையில் மாப்பிள்ளையின் அப்பா ராஜமணி போன் செய்தார். வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு பேசுகிற குரல். "தப்பா நினைச்சுக்கிராதீக. செட் ஆகல. நிச்சயத்தைத் தள்ளி வச்சுக்கிருவோம்." அதோடு வைத்துவிட்டார்.

பழைய செல்லப்பாண்டியாக இருந்தால், "எந்த செட்டு?" என்று கேட்டிருப்பார். புதிதாகப் படித்த பாடம் கெடுத்தது. என் பிள்ளையையா செட் ஆகல என்கிறான்? அடுப்படியில் கயல் பாடிக்கொண்டே பாத்திரம் கழுவுவது கேட்டது. அவளிடம் மூச்சுவிடாமல் பஸ் ஏறினார். சின்னமனூர், வீரபாண்டி என்று ஒவ்வொரு ஸ்டாப்பிலும் கோபமும் ஏறிக்கொண்டது.

"என் மகளுக்கு என்னய்யா குறைச்சல்?" என்று ராஜமணி வீட்டு வாசலிலேயே கத்தினார்.

ராஜமணி வாயைப் பொத்தியபடி வந்தார். கன்னம் இரண்டும் ஒட்டிக் கிடந்தன. விழித்தவர், விஷயம் பிடிபட்டதும் மேசைமேல் இருந்த டம்ளரைக் காட்டினார். தண்ணீருக்குள் புத்தம் புதுப் பல் செட்டு ஒன்று இளித்துக்கொண்டிருந்தது.

"தங்கமான புள்ளைய யாரு என்ன சொன்னா? இதுதான் வாய்க்கு செட் ஆகல. டாக்டர் மாத்தித் தர நாளாகுமாம். அத்தனை பேரு முன்னாடி பொக்கை வாயோட எப்படிப் பேசுவேன்? சொல்லு வரல, காத்துத்தான் வருது."

செல்லப்பாண்டி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். சிரிக்கத்தான் நினைத்தார், கண் கலங்கிவிட்டது.

"இதுக்கா நாளைத் தள்ளச் சொன்னீக? நீங்க முணுமுணுத்தாப் போதும் சம்பந்தி. கம்பம் வரைக்கும் கேக்க வைக்க எங்கிட்ட செட்டு இருக்கு."

ராஜமணி பொத்திய கையை எடுத்துவிட்டுச் சிரித்தார்.