இடது கையில் முள்ளுக்கரண்டி

பாரிஸின் லா சப்பலில் நான் வேலை செய்கிற புடவைக்கடைக்கு ஐந்தாறு கடை தள்ளி ஒரு சீன உணவகம் இருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் ஒருவர் நின்று மாவை இரண்டு கையாலும் பிடித்து இழுப்பார், மடிப்பார், பலகையில் ஓங்கி அடிப்பார், மறுபடி இழுப்பார். கயிறு மாதிரி இருந்த மாவு கண்ணுக்கு முன்னாலேயே எண்ண முடியாத இழைகளாகித் தொங்கும். அதை அப்படியே கொதிநீரில் எறிவார். மத்தியான இடைவேளையில் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் வாய் பிளந்து நிற்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

என் கணவரை அங்கே கூட்டிப்போக வேண்டும் என்று மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவரோ ஒவ்வொரு முறையும் ஒரு சாட்டுச் சொன்னார். மாட்டிறைச்சி சூப் என்றார். கோழியும் இருக்கிறது என்று விசாரித்து வந்து சொன்னேன். சனக் கூட்டம் என்றார். தனக்கு விடுமுறை நாளில் வீட்டுச் சாப்பாடுதான் வேண்டும் என்றார். இருபத்திரண்டு வருடமாகப் பிரெஞ்சு உணவகக் குசினியில் சமையல்காரராக நிற்கிறவர் ஒரு கிண்ணம் நூடுல்ஸுக்கு இப்படிப் பின்வாங்கினால் எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

ஆனால் வீட்டுச் சாப்பாடு என்றதும் என் கோபம் பாதியாகிவிடும். அதற்குக் காரணம் இருந்தது. மார்கழி மாதத்திலிருந்து அவர் குழையல் கேட்கத் தொடங்கியிருந்தார். சோற்றையும் கறிகளையும் ஒரே சட்டியில் போட்டுப் பிசைந்து, உருட்டி, உள்ளங்கையில் வைப்பதுதான் குழையல். எங்கள் வீடுகளில் எப்போதாவது ஒருநாள், எல்லோரும் சுற்றி இருந்து கை நீட்டி வாங்கிச் சாப்பிடுவது. இவர் தினமும் கேட்டார். நான் உருட்டி வைப்பேன். உள்ளங்கையை அப்படியே வாய்க்குக் கொண்டுபோவார். கலியாணம் செய்து இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு மனுசனுக்கு என்மேல் இப்படி ஒரு பாசமா என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. கனடாவில் இருக்கிற அக்காவிடம் தொலைபேசியில் அளந்து கொட்டினேன்.

"ஆள் இப்ப என்ர கையாலை குழைச்சுக் குடுத்தாத்தான் சாப்பிடுறார், அக்கா."

"நீ குடுத்து வைச்சனியடி. என்ர ஆள் நான் சாப்பிட்டனோ எண்டும் கேக்கிறேல்லை" என்றாள் அக்கா. நான் அதைக் கேட்டு இரண்டு நாள் மிதந்தேன்.

வைகாசியில் ஒரு திங்கட்கிழமை, அவருடைய உணவகத்துக்கு விடுமுறை. எங்கள் வீடு இருக்கிற சார்செலில் இருந்து ரயிலேறி வரச் சொல்லி, கையோடு இழுத்துக்கொண்டு போய் அந்தச் சீனக் கடையில் இருத்தினேன். ஆவி பறக்க இரண்டு கிண்ணங்கள் வந்தன. மேசையில் குச்சிகளும் முள்ளுக்கரண்டிகளும் இருந்தன. அவர் குச்சியைத் திரும்பியும் பார்க்கவில்லை. முள்ளுக்கரண்டியை எடுத்தார், இடது கையால்.

இடது கையால் ஒரு தேத்தண்ணிக் கோப்பையைக்கூட யாருக்கும் நீட்டாத மனிதர் அவர்.

"என்னப்பா, வெள்ளைக்காரனா மாறியாச்சோ?" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். கரண்டியை வலது கைக்கு மாற்றினார். ஒரு சுற்றுச் சுற்றினார். அது நழுவிக் கிண்ணத்துக்குள் விழுந்தது. நான் இன்னும் பெரிதாகச் சிரித்தேன். "இருபத்திரண்டு வருசம் குசினியிலை நிண்டும் ஒரு கரண்டி பிடிக்கத் தெரியேல்லை!" பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைய வேண்டும்போல இருக்கிறது.

விழுந்த கரண்டியை எடுக்க அவர் வலது கையால் கிண்ணத்தைப் பிடித்தார். என் கிண்ணத்தை நான் தொட்டுப் பார்த்து, சூடு தாங்காமல் தள்ளி வைத்திருந்தேன். அவருடைய பெருவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் கிண்ணத்தில் ஒட்டியபடி இருந்தன. இருந்தன, இருந்தன, எடுக்கவேயில்லை.

"சுடேல்லையோ?" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகுதான் கையை எடுத்தார். விரல் நுனிகள் சிவந்திருந்தன.

எனக்கு எல்லாம் ஒன்றாக விளங்கியது. பொத்தான் வைத்த சட்டைகளை அவர் விட்டது. தொலைபேசியில் எழுதாமல் குரல் செய்தி மட்டும் அனுப்பியது. உள்ளங்கையில் வைக்கும் உருண்டையை வாங்கிச் சாப்பிட விரல் தேவையில்லை.

"எப்ப இருந்து?"

"மார்கழிக்கு முந்தியே விறைப்பு. மார்கழியோடை பிடியும் போச்சுது."

"வேலையிலை?"

"கூட நிக்கிற வங்காளி வெட்டித் தாறான். நான் அவன்ர அடுப்பைப் பாக்கிறன்."

உணர்ச்சி இல்லாத விரலோடு அடுப்பு. நான் கத்தியிருப்பேன், கடை நிறையச் சனம். வேலை செய்ய உடம்பு தகுதியா என்று பார்க்கிற வேலை வைத்தியரிடம் வியாழக்கிழமை போகச் சொல்லி அவருக்குக் கடிதம் வந்திருந்தது. அதைத்தான் கேட்டேன்.

"சொல்லுவீங்கள்தானே?"

"சொன்னா, குசினி வேலைக்கு ஏலாது எண்டு எழுதிப்போடுவினம். அம்பத்தினாலு வயசிலை வேறை ஆர் என்னை எடுப்பான்? நீர் மொழிபெயர்க்க வாரும். ஆனா வாய் திறக்கப்படாது."

"எனக்காவது சொல்லியிருக்கலாமே."

"நீர் அக்காவோடை கதைக்கேக்கை கேட்டுக்கொண்டுதான் இருந்தனான். எவ்வளவு சந்தோசமாக் கதைச்சீர். அதைக் கெடுக்க மனம் வரேல்லை."

நான் தலையாட்டினேன். வாய் திறந்தால் அழுதுவிடுவேன் என்பதால் தலையாட்டினேன். அதை அவர் வாக்கு என்று எடுத்துக்கொண்டார். கண்ணாடிப் பக்கம் அந்த மனிதர் மாவை அடித்துக்கொண்டிருந்தார். அவருடைய கைகளைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. பரிமாறிய பெண்ணிடம் கத்தரிக்கோல் வாங்கி, கணவருடைய நூடுல்ஸைத் துண்டுதுண்டாக வெட்டிக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை காலை வைத்தியர் வேலை எப்படி, உடம்பு எப்படி என்று கேட்டார். இவர் வலது கையை மடியில் பொத்தி வைத்துக்கொண்டு, "சா வா, மதாம், சா வா", எல்லாம் சுகம் என்று சிரித்தார். வைத்தியர் எழுதத் தொடங்கினார். பொறுத்துப் பார்த்தேன். கொதிக்கும் எண்ணெய்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"மதாம், ஐந்து மாதமாக இவருக்கு நான்தான் என் கையால் சாப்பாடு கொடுக்கிறேன்" என்றேன் பிரெஞ்சில்.

வைத்தியரின் பேனை நின்றது. அக்காவிடம் பெருமையாகச் சொன்னதும் இதைத்தான். இவர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

கண்ணை மூடச் சொல்லி விரல்களில் குத்திப் பார்த்தார் வைத்தியர். கத்தியும் அடுப்பும் இப்போதைக்குக் கூடாது என்று எழுதினார். கைச் சத்திரசிகிச்சை நிபுணருக்கு ஒரு கடிதம் தந்தார். உணர்ச்சி திரும்பலாம், ஆனால் இன்னும் முன்னரே வந்திருக்க வேண்டும் என்றார். சார்செல் வரை ரயிலில் இவர் என்னை விட்டுத் தள்ளிப்போய் இருந்தார்.

சரியானதைத்தான் செய்தேன். அது எனக்குத் தெரியும். இருந்தாலும் களவு செய்து அகப்பட்டவள் மாதிரி வீட்டுக்குள் நுழைந்தேன்.

மத்தியானம் வழக்கம்போலச் சட்டியில் குழைத்து, ஒரு உருண்டை உருட்டி நீட்டினேன். இவர் கை நீட்டவில்லை. எழுந்துபோய்ப் பானையிலிருந்து வெறும் சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு வந்து, இடது கையால் கரண்டி பிடித்து, சிந்தச் சிந்தச் சாப்பிட்டார். சட்டியில் இருந்ததை நான் தனியாகச் சாப்பிட்டு முடித்தேன்.