ஆவுடைநாயகத்தின் இடது கதவு

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, தொய்ந்துபோன ஒரு காரை ஜாக்கி வைத்து நிமிர்த்தியது. 1996 ஆகஸ்ட், பாளையங்கோட்டை வீட்டுக் கொட்டகை.

அப்பா ஆவுடைநாயகம், நெடுஞ்சாலைத்துறையில் பாலம் கட்டி ஓய்வுபெற்றவர். கான்கிரீட் இறுகும் முன் ஒரு முட்டுக்கம்பை எடுத்ததற்காக ஒப்பந்தக்காரரை வெயிலில் நிறுத்தியவர். அவர்தான், பழையதாக வாங்கிய கூரையில்லாத எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் காரில், கதவுகளுக்குக் கீழே ஓடும் இரு பக்கத்து அடிச்சட்டங்களையும் முட்டே இல்லாமல் அறுத்தெடுத்தார். திருச்செந்தூர்க் கடற்காற்றில் கிடந்த வண்டி, சட்டம் முழுக்கத் துரு. ஆனால் கூரையில்லாத வண்டிக்கு அதுதான் முதுகெலும்பு. புதுத்தகடு பற்றவைத்த பிறகுதான் நடுப்பகுதி இறங்கியிருப்பது தெரிந்தது. திறப்பு சுருங்கி, இடது கதவு பூட்டிக்கொள்ளவில்லை.

"கதவு பூட்டாத வண்டியில நான் ஏறமாட்டேன். திருச்செந்தூருக்கு பஸ் போகுது" என்றாள் அம்மா.

முதல் சவாரி அம்மாவோடு திருச்செந்தூருக்கு என்று அப்பா தெரு முழுக்கச் சொல்லியிருந்தார். கதவைக் கழற்றி, விளிம்பை வெட்டிச் சிறிதாக்கச் சொல்லி டிங்கர் கிருபைராஜிடம் கொடுத்தார்.

நான் மெக்கானிக்கல் படித்தவள். லீவில் வந்தபோது கதவில்லாத திறப்பை அளந்து பார்த்தேன்.

"கதவு சரியாத்தான்ப்பா இருக்கு. வண்டிதான் கோணல்."

"செருப்புக்குத் தக்கன காலை வெட்டுதேன்னு சொல்லுத."

"பாலம் கட்டுனவர்ட்ட அப்படிச் சொல்வேனா?"

அப்பா குனிந்து சட்டத்தின் அடியைத் தடவிப் பார்த்தார். "ஜாக்கிய எடுளா."

புது ஒட்டைப் பிளந்து, நூல் நூலாக ஏற்றி, மறுபடி பற்றவைத்தோம். இம்முறை முட்டுகள் ஒரு பாலத்தையே தாங்கும். சாயங்காலம் இரண்டு பக்கத்துக் கதவுத் திறப்புகளும் ஒரே அளவுக்கு வந்தன.

"காலையில கிருபைட்ட போய், வெட்டாண்டாம்னு சொல்லிட்டு கதவ வாங்கியாரேன்" என்றார். "அவன் அதுக்குள்ள தொடவா போறான்?"

நியாயம்தான். கிருபைராஜ் சொன்ன தேதியில் எந்த வேலையையும் முடித்ததில்லை.

விடியுமுன் அப்பாவின் நெஞ்சு நின்றுவிட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கிருபைராஜ் வந்தார், போர்வையில் சுற்றிய கதவோடு. இறந்த செய்தி கேட்டதும், அண்ணாச்சி சொன்ன கடைசி வேலை என்று அன்றைக்கே கடையை அடைத்துக்கொண்டு செய்தாராம்.

"ஒரு நூல் பிசகாதும்மா. அண்ணாச்சி குடுத்த அளவு."

சரிபார்த்தேன். பிசகவில்லை. ஊருக்கெல்லாம் சாவு சொல்லியனுப்பியிருந்தோம், அவர் கடைக்கும்தான். வெட்ட வேண்டாம் என்பது மட்டும் போகவில்லை.