மனுவில் ஏறிய மிளகாய்த்தூள்

விடையின் மேல் அமர்ந்தவனே, சுமக்கும் உயிரின் முதுகு நோகாதபடி அமரத் தெரிந்த பெருமானே, இதை எழுதும் கை பொய்க்குத் துணை போகாதிருக்கட்டும். இன்று கார்த்திகைச் சோமவாரம். பிரதோஷமும் கூடி வந்திருக்கிறது. அபிடேகம் கண்டு திரும்பியதும் எழுத உட்கார்ந்தேன்.

எண்பதுகளின் பிற்பகுதியில் அவிநாசியை ஒட்டி, நெடுஞ்சாலையோரத்தில் எங்கள் வீடு இருந்தது. பின்கட்டில் என் கணவர் நிட்டிங் மெஷின்கள் போட்டுப் பனியன் துணி ஓட்டிக்கொண்டிருந்தார். சேலத்துப் பக்கம் வாங்கிய மாடுகள் அந்தச் சாலை வழியாகத்தான் கேரளத்துக்குப் போகும். ஒரு நாள் காலை, டயர் வெடித்த மாட்டு லாரி ஒன்று எங்கள் வாசலில் நின்றது. டிரைவர் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருக்க, நான் வாளியில் தண்ணீர் கொண்டு போனேன். மூக்கணாங்கயிறுகளைக் கம்பியோடு இழுத்துக் கட்டியிருந்ததால் எந்த மாட்டாலும் தலையைத் தாழ்த்த முடியவில்லை. ஒன்றின் மூக்கு கிழிந்து தொங்கியது. அடியில் ஒரு பசு விழுந்து கிடந்தது. கால் வைக்க வேறு இடமில்லாமல் மற்றவை அதன் மேலேயே நின்றன. பின்கட்டுக் கம்பெனியின் வேஸ்ட் துணியை நனைத்துப் பலகை இடுக்கின் வழியே நுழைத்தேன். கிடந்த பசு அதைச் சப்பியது. லாரி கிளம்பியபோதும் விடவில்லை. துணி என் கையிலிருந்து உருவிக்கொண்டு போயிற்று.

வாரந்தோறும் கோயிலில் திருமுறை ஓதும் எங்கள் குழுவில் இதைச் சொன்னேன். அவரவர் கண்டதை அவரவரும் சொன்னார்கள். மிருகவதைக்கு மத்தியச் சட்டம் முன்பே இருந்தது. தண்டம் சொற்பமானதால் அதைக் கட்டிவிட்டு அதே லாரி அதே மாடுகளோடு கிளம்பிவிடும். லாரிக்கு இத்தனை மாடு என்ற வரம்பு, மீறினால் மாடுகளை இறக்கித் திரும்பத் தராமல் வைத்துக்கொள்ளும் அதிகாரம், இவை இரண்டையும் தரும் மாநிலச் சட்டம் வேண்டுமென்று மனு எழுதத் தீர்மானித்தோம்.

எழுதியவர், எங்களுக்குப் பாட்டெடுத்துக் கொடுக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவர் ஓரடி பாடினால் நாங்கள் அனைவரும் ஒரே குரலில் வாங்கிப் பாடுவது வழக்கம். மனுவையும் அவ்வாறே செய்தோம். அவர் ஒரு வரி வாசித்தார், நாங்கள் தலையசைத்தோம். ஒவ்வொரு வரியும் 'யாங்கள் கண்டோம்' என்று முடிந்தது. விழுந்த மாட்டை எழுப்ப அதன் கண்ணில் மிளகாய்த்தூள் தேய்ப்பதை யாங்கள் கண்டோம் என்பதும் அவற்றுள் ஒன்று. அனைவரும் கையெழுத்திட்டோம்.

சட்டமன்ற உறுப்பினர், நேரில் வந்து விசாரித்து, உண்மையென்றால் சபையில் பேசுவதாகச் சொல்லியனுப்பினார். அதற்கு முன்பே அந்த லாரிகளின் சொந்தக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு. செருப்பை வாசலிலேயே கழற்றி வைத்தார்.

"ஏனுங்கக்கா, அண்ணன் இல்லீங்களா?"

"கம்பெனில இருக்காருங்க. உக்காருங்க."

"இருக்கட்டுமுங்க. மனுவுல உங்க கையெழுத்தும் இருக்குதாமா?"

"இருக்குதுங்க."

"மாட்டுக் கண்ணுல மொளகாத்தூளு போட்டத நீங்க பாத்தீங்களாக்கா?"

நான் மறுபடி நாற்காலியைக் காட்டினேன். அவர் சிரித்தார்.

"நாஞ் சண்டைக்கு வல்லீங்க. எம்.எல்.ஏ. வர்றன்னைக்கு நம்ம கருப்பராயன் கோயிலுக்கு வாங்க. பாத்தேன்னு சத்தியம் பண்ணிச் சூடத்த அணைச்சுப்போடுங்க. அன்னைக்கே லாரியப் பூராம் வித்துப்போடறனுங்க."

அப்போது பிரசவத்துக்கு வந்திருந்த என் மகள் தண்ணீர்ச் செம்போடு வெளியே வந்தாள். அவர் அவளைப் பார்த்தார்.

"எத்தன மாசங் கண்ணு?"

"ஏழுங்க மாமா."

"நல்லபடியாப் பொறக்கட்டும் சாமி" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரைக் குடித்தார்.

அவர் வாழ்த்தியதுதான் என்னை உலுக்கியது. கருப்பராயன் முன் பொய்யாகச் சூடம் அணைத்தவர்களின் குலம் தழைக்காது என்பது எங்கள் ஊரில் யாரும் விவாதிக்காத விஷயம். நான் சிவனை ஓதுகிறவள். காவல் தெய்வத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆயினும் மகளின் வயிற்றைப் பார்க்கும்போதெல்லாம் வாயில் ஏறிய பதிகம் பாதியில் அறுந்தது.

சாப்பிட உட்கார்ந்த கணவர் நடந்ததைக் கேட்டுவிட்டு, "பாட்டுப் பாடறாப்பல கோரஸா மனு எழுதுனா இப்படித்தான் அம்மிணி" என்றார். பிறகு சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார், உண்ணவில்லை.

தலைமையாசிரியரிடம் ஓடினேன்.

"அய்யா, மொளகாத்தூளு யாரு பாத்ததுங்க?"

"ஊருக்கே தெரிஞ்சதுதானுங்களே."

"பாத்தது யாருங்க?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டீக்கடைல பேசிக்கிட்டாங்க. இப்ப அந்த வரிய அடிச்சா, மிச்சமும் பொய்யின்னுருவாங்க. ஒடம்பு செரியில்லைன்னு ஊட்டுலயே இருந்துக்குங்கம்மா."

நான் போகாவிட்டால் மனு பொய்யாகும். போய்ச் சூடம் அணைத்தால் பேரக்குழந்தை என்னாகும்?

விசாரணை நாளன்று கருப்பராயன் கோயில் வேப்பமரத்தடியில் சட்டமன்ற உறுப்பினர் நாற்காலியில் அமர்ந்திருந்தார். ஊர் கூடியிருந்தது. மகளை வீட்டிலேயே பூட்டாத குறையாக விட்டுவந்தேன். கல்லின் மேல் சூடம் எரிந்தது. பின்னால் நட்டு வைத்த அரிவாள்களில் அந்த வெளிச்சம் ஆடியது. பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

"சொல்லுங்கக்கா" என்றார் லாரிக்காரர்.

"மொளகாத்தூளு நான் பாக்கலீங்க."

கூட்டத்தில் ஒருவன், "அப்ப மனு பூராம் கதாகாலட்சேபமா?" என்றான். சிரிப்பு எழுந்தது. தலைமையாசிரியர் தரையைப் பார்த்தார்.

"பாத்தத மட்டுஞ் சொல்றனுங்க" என்றேன். கிழிந்த மூக்கைச் சொன்னேன். விழுந்து கிடந்த பசுவையும் அதன் மேல் நின்ற கால்களையும் சொன்னேன். அது ஈரத்துணியைச் சப்பியதையும் சொன்னேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் சூடத்தை அழுத்தினேன்.

அது அணையவில்லை. கையை எடுத்ததும் சுடர் மீண்டும் எழுந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. எங்கோ ஒரு பெண், "அய்யோ சாமி" என்றாள். மூக்கைப் பற்றிப் பொய் சொன்னேனா? பசுவைப் பற்றியா? இல்லை. மறுபடி அழுத்தினேன், தோல் கருகும் வரை எடுக்கவில்லை. புகை மட்டும் எழுந்தது.

சட்டமன்ற உறுப்பினர் லாரிக்காரரைப் பார்த்தார். "நீங்க அணைக்கறீங்களா? மொளகாத்தூளு போடறதில்லைன்னு?"

"நான் போடறதில்லீங்க" என்றார் அவர். "டிரைவருங்க என்ன பண்றாங்கன்னு நான் எங்கீங்க பாக்கறது?" புதுச் சூடம் நீட்டப்பட்டது. அவர் அதைக் கையில் வாங்கவில்லை.

மனுவைத் திரும்ப எழுதித் தரச் சொல்லிவிட்டு உறுப்பினர் காரேறினார். இம்முறை ஒவ்வொருவரும் தாம் கண்டதைத் தம் கையெழுத்தில் தனித்தனியே எழுதினோம். பாதிப் பேர் எழுதவே இல்லை. அவர்கள் ஒன்றும் பார்த்திருக்கவில்லை. மனு மெலிந்துபோயிற்று. உறுப்பினர் சபையில் பேசினார் என்று கேள்வி. நாங்கள் கேட்ட சட்டம் வரவில்லை. தொண்ணூறுகளிலும் வெவ்வேறு பதவிக்காரர்களிடம் அவ்வாறே எழுதிக் கொடுத்தோம்.

ஆனால் அன்று எனக்குச் சட்டமா பெரிதாயிருந்தது? முதல் அழுத்தலில் ஏன் அணையவில்லை என்ற கேள்வி, கைப்புண் ஆறிய பின்னும் ஆறவில்லை. மகளுக்கு வலி எடுத்த நாளில் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்று பாட முயன்றேன். ஓரடிகூட நினைவுக்கு வரவில்லை. நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்ததும், ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை. கண்களைத்தான் பார்த்தேன். மூடியிருந்தன. திறக்கும் வரை அசையாமல் நின்றேன். திறந்தன, கருகருவென்று, தெளிவாக, என்னைப் பாராமல் எங்கோ பார்த்தன.

அதன் பிறகுதான் அழுதேன். அந்தப் பசு எங்கே இறக்கப்பட்டதோ என்ற எண்ணமும் அப்போதுதான் வந்தது. இன்றைக்கும் சாலையில் மாட்டு லாரி முனகிக்கொண்டு போனால் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன்.

இதை வாசிப்பவர் யாவரும், அவர் இல்லத்துப் பிள்ளைகளும், தொழுவத்து உயிர்களும் நோயின்றி வாழ்க. கண்டதைச் சொல்லும் துணிவும், காணாததைச் சொல்ல அஞ்சும் அச்சமும் அவர்களுக்கு என்றும் கூடி நிற்க. சிவாயநம.