முகமூடிக்காரனின் குரல்

கார் பந்தயத்தில் ஆளை ஆள் கொல்லும் மட்டமான இங்கிலீஷ் படங்களுக்குத் தமிழில் குரல் கொடுப்பது எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பிழைப்பு. ஸ்டுடியோ சிவாஜிநகரில், ஒரு துணிக்கடையின் மேல்மாடி. கீழே பஸ் ஹாரன் அடித்தால் மேலே மறுபடி முதலிலிருந்து பேச வேண்டும். நாங்கள் நாலு பேர்தான் நாற்பது பேருக்கும் பேசுவோம். எனக்கு வாய்த்தது பெரும்பாலும் சாவு. கார் வெடித்தால் அலறுவது நான்தான்.

அப்படி ஒரு படத்தில் முகமூடி போட்ட நாயகனுக்குப் பேசியவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். கோலார் தங்கவயலிலிருந்து ரயிலில் வருவார். என்னை இந்த வேலைக்குக் கூட்டிவந்ததே அவர்தான். முகமூடிக்குள்ளிருந்து அவர் பேசினால் நாங்களே ஒரு அடி பின்னால் நகர்வோம்.

பிறகு அந்தப் படத்தின் முன்கதை வந்தது. அவன் முகமூடி போடுவதற்கு முன் நடந்தது. பாதிப் படம் வரை முகம் தெரியும், நல்ல இளவட்டம். வாத்தியார் போனில், "நம்மாளு திரும்பி வந்துட்டான் தம்பி" என்று சிரித்தார். ஒரு வாரமாக வீட்டில் இளங்குரலில் பேசிப் பார்ப்பதாகவும், மனைவி கேலி பண்ணுவதாகவும் சொன்னார்.

டப்பிங் டைரக்டர் என்னைக் கேட்டார். "வாத்தியார் வாய்ஸ் இந்த முகத்துக்கு செட் ஆகுமா?"

ஆகும் என்று எனக்குத் தெரியும். "வயசு தெரியுது சார்" என்றேன். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பார்களே, அதை மூன்றே வார்த்தையில் செய்தேன். அவர் வேறு ஆளை யோசிப்பதற்குள் வசனத்தின் முதல் பக்கத்தை நானே பேசியும் காட்டினேன். ஒரு படத்திலாவது ஜெயிக்க வேண்டும் என்ற நப்பாசை, வேறொன்றுமில்லை. இன்று நினைத்தாலும் கூசுகிறது.

சாவதற்கு இப்போது ஆள் வேண்டுமே. டைரக்டர் வாத்தியாரையே கூப்பிட்டார். வரமாட்டார் என்று நம்பினேன். வந்தார். மைக் முன்னால் ஆறு முறை செத்தார். குரல் கம்மிப்போய் வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என் வயசு ஒத்துவரலயாம். போவுது, உன்கிட்டதானே போச்சு. வேற எவனாவது பேசியிருந்தா மனசு கேட்டிருக்காது" என்றார். பிறகு, "தொண்டை போவாம நீ எப்டி கத்துற? சொல்லிக்குடு தம்பி."

அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும் என்று சொன்னேன். வயிற்றில் கை வைத்து ஒருமுறை கத்திப் பார்த்துவிட்டு, சரியா என்று என் முகத்தைப் பார்த்தார். சரி என்று தலையாட்டினேன்.