தூரத்து வளைவில் அப்பா

சின்ன மோட்டார் சூடேறினால் ஒரு வாசனை வரும். கொஞ்சம் கருகல், கொஞ்சம் தையல் மிஷின் எண்ணெய், நாக்கில் ஒட்டிக்கொள்கிற மாதிரி ஒரு செம்பு வாடை. வீட்டில் மிக்ஸி அதிக நேரம் ஓடினால் இன்றும் அது எழும். நான் உடனே அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து வைப்பேன். மிக்ஸி கெட்டுவிடும் என்று நான் பயப்படுவதாக, வீட்டு வேலைக்கு வரும் பெண் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நினைத்துவிட்டுப் போகட்டும். அந்த வாசனையோடு எனக்கு ஒரு சனிக்கிழமைச் சாயங்காலம் வந்துவிடுகிறது, அதில் பன்னிரண்டு வயதுப் பெண்ணாக நின்றுகொண்டு நான் ஒரு பொய் சொல்கிறேன்.

பேட்டையில் அப்பா வேலை பார்த்த நூல் மில்லில் அதிகாரிகளுக்கென்று ஒரு மனமகிழ் மன்றம் இருந்தது. கேரம் போர்டும் அட்டை கிழிந்த பத்திரிகைகளும் கிடந்த அந்தக் கூடத்தில், மேனேஜர் தண்டபாணி சார் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த பொம்மைக் கார்களுக்காக ஒரு பந்தயப் பாதை போட்டார்கள். மேஜை உயரத்தில் கூடத்தின் பாதியை அடைக்கிற பலகை, அதில் வளைந்து நெளிந்து ஓடும் நான்கு ஒடுக்கமான பள்ளங்கள், "காடி"கள், ஒவ்வொரு காடிக்கும் இருபுறமும் செம்புப் பட்டை. காரின் அடியில் இருக்கும் சின்ன நாக்கு காடிக்குள் இறங்கும். அந்த நாக்கின் இரண்டு பக்கமும் உள்ள பின்னல் கம்பிகள் செம்பைத் தொட்டு மின்சாரம் எடுக்கும். கையில் பிடிக்கிற "துப்பாக்கி"யின் விசையை அழுத்த அழுத்தக் கார் பறக்கும். வளைவில் அளவு தெரியாமல் அழுத்தினால் காடியை விட்டு எகிறிக் குப்புற விழும். எல்லாம் எங்கள் அப்பாக்கள் பிறப்பதற்கு முன்னால் சீமையில் ஓடிய பந்தயக் கார்களின் அச்சு அசல் உருவங்கள். கம்பிச் சக்கரம், நீள மூக்கு, தொப்பியும் கண்ணாடியும் மாட்டிய கட்டைவிரல் உயர டிரைவர். பலகையை அறுத்தது மில் ஆசாரி. வயரிங் முழுக்க அப்பா. அப்பா அங்கே வயர்மேனாக இருந்தார்.

தண்டபாணி சார் ஒரு சட்டம் வைத்திருந்தார். ஓட்டுகிறவர் தன் காரைத் தொடக் கூடாது. விழுந்தால், வளைவில் நிற்கிற இன்னொருவர்தான் எடுத்துக் காடியில் வைக்க வேண்டும். முந்தின ஆட்டத்தில் கடைசியாக வந்தவருக்கு அந்த வேலை. அதற்குப் "பொறுக்குறது" என்று பெயர் வைத்திருந்தார்கள், நிற்கிறவர் "பொறுக்கி". மில் டாக்டர் நின்றபோது டாக்டரையே அப்படிக் கூப்பிட்டுச் சிரித்தார்கள். ஆனால் குனிந்து நிமிர்ந்து கார் பொறுக்குவது அதிகாரிகளுக்கு ஒரு மாதத்தில் அலுத்துவிட்டது. ஃபியூஸ் போனால் மாட்டுவதற்கென்று சுவரோரம் ஒருத்தர் சும்மாதானே நிற்கிறார் என்று அப்பாவைத் தூரத்து வளைவில் நிறுத்திவிட்டார்கள். அதன்பின் சனிக்கிழமைதோறும் அப்பாதான் பொறுக்கி. "வே பொறுக்கி, என் வண்டி கவுந்து கெடக்கு பாரும்" என்பார் ஸ்பின்னிங் மாஸ்டர். அப்பா சிரித்துக்கொண்டே எடுத்து வைப்பார். எனக்குக் கோபம் வரும், கூப்பிட்டவர் மேல் அல்ல, சிரிக்கிற அப்பா மேல்.

அப்பாவோடு சைக்கிளில் தொற்றிக்கொண்டு போய் நான் வேடிக்கை பார்ப்பது வழக்கம். ஒருநாள் டாக்டர் வரவில்லை, ஒரு காடி காலியாக இருந்தது. மேனேஜர் என்னைப் பார்த்து, "ஒம்ம மகள நிக்கச் சொல்லும் வே, சும்மா ஓட்டட்டும்" என்றார். நான் சும்மா ஓட்டவில்லை, ஜெயித்தேன். அடுத்த வாரமும் ஜெயித்தேன். எந்த வளைவில் விசையை எந்த நொடியில் விட வேண்டும் என்பது என் விரலுக்குத் தானாகத் தெரிந்திருந்தது. படிப்பில் ஒன்றும் தெரியாத எனக்கு இது மட்டும் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை புரியவில்லை. மேனேஜருக்கு என்னை மிகவும் பிடித்துப்போயிற்று. அது பாசமில்லை என்று இப்போது தெரிகிறது. வயர்மேன் மகளிடம் தோற்று நிற்கும் அதிகாரிகளின் முகத்தைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு ருசி இருந்தது.

அந்த வருஷம் தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை மேனேஜர் பெரிய பந்தயம் வைத்தார். ஜெயிக்கிறவர் மன்றத்துக் கண்ணாடி அலமாரியில் இருக்கும் பச்சைக் காரை வீட்டுக்கே எடுத்துப் போகலாம். மற்ற கார்களெல்லாம் ஓடி ஓடிச் சாயம் போனவை. பச்சை மட்டும் ஒருநாளும் பலகையில் இறங்கியதில்லை. சின்னத் தோல் வார் வைத்துக் கட்டிய அதன் மூடியைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தூக்கத்தில்கூட விரல் துடித்தது. அதே மாதத்தில் மில்லில் எலக்ட்ரிகல் சூப்பர்வைசர் வேலை காலியாகியிருந்தது. அப்பாவின் பெயர் மேனேஜர் மேஜைக்குப் போய், கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அந்த வேலை வந்தால் குவார்ட்டர்ஸ் வரும், குவார்ட்டர்ஸ் வந்தால் வீட்டுக்குள்ளேயே குழாய் வரும். தாமிரபரணி பக்கத்திலேயே ஓடுகிற ஊரில் தெருக்குழாயடியில் குடத்தோடு நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்த அம்மா, அந்த உள்குழாயின் அடியில் எந்த வாளியை வைப்பது என்பதுவரை யோசித்து வைத்திருந்தாள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

கடைசி ஆட்டத்தில் நான்கு பேர் நின்றோம்: நான், லேபர் ஆபீசர், அக்கவுண்டண்ட், லீவுக்கு வந்திருந்த மேனேஜரின் மகன் ரவி. இருபது சுற்று. பதினாறாவது சுற்றில் நான் அரைச் சுற்று முன்னால் இருந்தேன். ரவி பின்னால் விரட்டுகிறான் என்ற திமிரில் தூரத்து வளைவில் ஒரு நொடி கூடுதலாக அழுத்திவிட்டேன். கார் எகிறிப் பலகை ஓரத்தில் மல்லாந்து விழுந்தது. அப்பா எடுத்தார். வழக்கமாக அவர் எடுப்பதும் வைப்பதும் ஒரே அசைவாக இருக்கும், அன்று அப்படி வைக்கவில்லை. காரைத் திருப்பிப் பிடித்து, அதன் அடியில் பெருவிரலால் இரண்டு தடவை நீவினார். விழுந்த வேகத்தில் பின்னல் கம்பிகள் மடங்கி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அப்படியே காடியில் வைத்தால் ஃபியூஸ் போய்ப் பலகை முழுக்கச் செத்துவிடும், ஆட்டமே கலைந்துவிடும். பல சனிக்கிழமைகள் பக்கத்தில் நின்று பார்த்தவள் என்பதால் அவர் விரல் என்ன செய்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஐந்து எண்ணுகிற நேரம் ஆகியிருக்கும். அதற்குள் ரவியின் கார் என்னைத் தாண்டிவிட்டது, மீதிச் சுற்றுகளில் எவ்வளவு விரட்டியும் ஒரு கார் நீளத்தில் தோற்றேன்.

துப்பாக்கியைப் பலகையில் வீசிவிட்டு அழ ஆரம்பித்தேன். அதிகாரிகள் ரவிக்குக் கை தட்டப் போனார்கள். மேனேஜர் கையைத் தூக்கி அடக்கினார்.

"என்ன வே, கார அவ்வளவு நேரம் கையில வச்சிருந்தீரு?" என்று அப்பாவைக் கேட்டார்.

"இல்ல சார், அடியில கம்பி..." என்று ஆரம்பித்த அப்பாவை அவர் முடிக்கவிடவில்லை. வேலைக்குக் கையெழுத்து வாங்குவதற்காகத் தன் மகனை ஜெயிக்க வைத்து ஒருத்தன் காக்காய் பிடிக்கிறான் என்று அவருக்குத் தோன்றிவிட்டது, தன்னை நியாயவான் என்று நம்புகிறவருக்கு அதைவிடப் பெரிய அவமானம் வேறில்லை. என் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்துக்கொண்டார்.

"நீ சொல்லும்மா. ஒங்கப்பா வேணும்னே புடிச்சு வச்சாரா? ஆமான்னா மறுபடி ஓட்டலாம். இல்லன்னா ரவி ஜெயிச்சது ஜெயிச்சதுதான்."

கூடத்தில் எட்டு அதிகாரிகள் இருந்தார்கள். வளைவுக்குப் பக்கத்திலேயே டீ கிளாஸோடு நின்ற டாக்டர் அப்பாவின் விரலைப் பார்த்திருந்தார், சந்தேகமே இல்லை. அவர் டீயை ஊதிக் குடித்தார். நான் அப்பாவைப் பார்க்கவில்லை, கண்ணாடி அலமாரியைப் பார்த்தேன்.

"ஆமா சார். வேணும்னேதான் வச்சிருந்தாங்க."

அப்பா மறுப்பார் என்றுதான் நினைத்தேன். மறுத்திருந்தால் எட்டுப் பேர் முன்னால் நான் பொய்க்காரி ஆகியிருப்பேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஆமா சார். தப்புத்தான்" என்றார்.

"பெத்த பிள்ளய ஏமாத்துற கை, நாளைக்கு மில்லுச் சாமானத் தொடாதுன்னு நான் எப்படி நம்ப?" என்று கேட்ட மேனேஜர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்று, நேர்மையான ஆட்டம் எப்படி நடக்கும் என்று பார்க்கும்படி அப்பாவிடம் சொன்னார். அப்பா அப்படியே நின்றார். அவருடைய இடத்தில் ஸ்பின்னிங் மாஸ்டர் போய், "இன்னைக்கு நான்தான் பொறுக்கி" என்று சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். மறுபடி இருபது சுற்று. ரவி இரண்டு தடவை விழுந்தான், நான் ஒரு தடவைகூட விழவில்லை. அவ்வளவு நிதானமாக என் கை அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. பச்சைக் காரை மேனேஜர் தன் கையாலேயே எடுத்துத் தந்தார். எல்லோரும் தட்டினார்கள். கையைப் பின்னாலிருந்து எடுக்கலாம் என்று அப்பாவிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

திரும்பும்போது நான் சைக்கிள் கேரியரில் காரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீடு வருகிறவரை அப்பா பேசியது ஒரு வாக்கியம்: "காரச் சாய்க்காத ட்டி, சக்கரம் கழண்டுரும்."

அம்மாவிடம் அவரே சொன்னார், மேனேஜர் மகனுக்காகக் காரைப் பிடித்து வைத்ததாக. அம்மா தட்டை வைத்த வேகத்தில் சோறு சிதறியது. அன்றிலிருந்து அவளுக்கு அது ஒரு ஆயுதமாகிவிட்டது. குழாயடியில் நெரிசலில் கை கீறிக்கொண்டு வருகிற நாளெல்லாம், பெற்ற பிள்ளை வயிற்றில் அடித்துக் காக்காய் பிடிக்கப் போய் உள்ளதும் போச்சு என்று அவர் காதில் விழும்படி சொல்வாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். சூப்பர்வைசர் வேலைக்கு வெளியிலிருந்து ஒருவரைப் போட்டார்கள். மில் மூடுகிற நாள்வரை அப்பா வயர்மேனாகவே இருந்தார். அம்மா தன் புருஷன் ஒரு காக்காய் பிடிக்கிற ஆள், அதுவும் பிடிக்கத் தெரியாமல் பிடித்த ஆள் என்று நம்பிக்கொண்டே செத்தாள்.

அந்தக் கார் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். செம்புப் பட்டையில்லாத சிமெண்டுத் தரையில் அது ஓடவில்லை. கையால் தள்ளி விளையாடினேன். இரண்டு மாதத்தில் எனக்குச் சலித்துவிட்டது, பிறகு எங்கே போயிற்று என்று நினைவில்லை. என்னைப் பற்றி நான் சொல்லக்கூடியதில் இதுதான் மிகக் கேவலமானது.

இப்போது மில் இருந்த இடத்தில் பிளாட் போட்டு விற்றுவிட்டார்கள். மன்றம் இருந்த மூலை எது என்று ஒருநாள் பஸ்ஸிலிருந்து தேடினேன், ஒரே மாதிரி மொட்டை மாடிகள்தான் தெரிந்தன. தண்டபாணி சார் இறந்ததைப் பத்திரிகையில் பார்த்தேன், டாக்டர் அவருக்கும் முன்னாலேயே போய்விட்டார். மற்றவர்களில் யாரும் இல்லை என்று கேள்வி. ரவி எந்த நாட்டில் இருக்கிறானோ. அப்பா என்னோடு டவுணில் இருக்கிறார், எண்பதை நெருங்குகிறார், வீட்டில் நான்கு குழாய்கள் இருக்கின்றன. என் மகளிடம் அவர் இந்தக் கதையைச் சிரித்துச் சிரித்துச் சொல்வார்: ஒங்கம்மாவ ஏமாத்தப் பாத்தேன், அவ விடல பாத்துக்க. அவள் மறுபடி மறுபடி கேட்பாள். சொல்லிச் சொல்லி அவரே அதை நம்பிவிட்டாரோ என்று எனக்கு ஒரு பயம் வந்தது; பயத்தோடு, வெட்கங்கெட்ட ஒரு நிம்மதியும்.

போன மாதம் ஒரு காலையில் அவர் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தபோது, வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து, காபியை வைத்துவிட்டுச் சொன்னேன்.

"எப்பா, அன்னைக்கு நீங்க காரப் புடிச்சு வைக்கல. கம்பியத்தான் நீவி விட்டீங்க. நான் பாத்தேன்."

அவர் பத்திரிகையை மடித்து வைத்தார். காபியை ஆற்றி ஒரு வாய் குடித்தார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா கேக்க எட்டுப் பேரு இருந்தாவ. வீட்ல ஒங்கம்மா இருந்தா. இப்ப நான் ஒருத்தன்தான மிச்சம்" என்றார். "எனக்குத்தான் அது தெரியுமே ட்டி."