நோவாமப் பெத்தவ

2004 பிப்ரவரி 12, வியாழக்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். 5.30க்குக் குழாயில் தண்ணீர் வந்தது, 6.15க்கு நின்றது. அதற்குள் சமையலறை டிரம்மும் குளியலறைத் தொட்டியும் இரண்டு எவர்சில்வர் குடங்களும் நிரம்பின. 6.20க்கு என் கணவர் முதல் ஷிஃப்ட் பஸ்ஸுக்குக் கிளம்பினார். 6.50க்கு மகள் பள்ளி ரிக்‌ஷாவில் ஏறினாள். 7.15க்கு மதினிக்குக் காப்பி, அரை டம்ளர். 7.40க்கு மாத்திரை. அதை விழுங்கக் கால் டம்ளர் தண்ணீர். 9.00க்கு இட்லி மூன்று. ஆபீசில் நான் எடுத்திருந்த பத்து நாள் லீவில் அது மூன்றாம் நாள்.

மதினி என் கணவரின் அக்கா. கர்ப்பப்பையை எடுத்து அன்றோடு ஏழு நாள். ஆஸ்பத்திரியிலிருந்து புனே சாங்வியில் எங்கள் வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள். அவருடைய மகன் ஹிஞ்சேவாடியில் சாஃப்ட்வேர் வேலையில் இருந்தான். வாகடில் மூன்று நண்பர்களோடு ஒரே ஃப்ளாட். “ஆம்பளப் பசங்க இருக்க எடத்துல அம்மாவ எப்படி அத்தை வெச்சுக்கிடுறது?” என்று போனில் இழுத்தான். நான் உடனே கூட்டி வரச் சொன்னேன். என் கணவரால் நம்ப முடியவில்லை. “நெசமாத்தான் சொல்லுதியா?” என்று இரண்டு முறை கேட்டார். நிஜமாகத்தான் சொன்னேன். பன்னிரண்டு வருடமாக இதற்காகத்தான் காத்திருந்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

1992 ஏப்ரல் 22 அன்று சிசேரியனில் என் மகள் பிறந்தாள். என் அம்மா அப்போது உயிரோடு இல்லை. பிள்ளைப்பேறு பார்க்கத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மதினி வந்தார். ஆஸ்பத்திரியில் இருந்த ஐந்து நாளும் வந்து போனவர்களிடமெல்லாம் அவர் சொன்னது ஒன்றுதான்: “நாங்கல்லாம் முக்கி முனகிப் பெத்தோம். இவ நோவாமப் பெத்தவ.” அதையே ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் கடிதமாக எழுதினார். அதன் பிறகு நான் போன ஒவ்வொரு கல்யாணத்திலும் யாராவது ஒருத்தி என் மோவாயைத் தொட்டு, “நீதான அந்த நோவாமப் பெத்தவ?” என்று கேட்டிருக்கிறாள். ஒன்பது கல்யாணங்கள். ஒன்பதும் எழுதி வைத்திருக்கிறேன்.

பாதுகாப்புத் துறை அலுவலகம் ஒன்றில் சரக்குப் பரிசோதனைப் பதிவேடு எழுதுவது என் வேலை. ஒரு பொருள் இருக்க வேண்டிய அளவு ஒரு பத்தியில், அது உண்மையில் இருக்கும் அளவு அடுத்த பத்தியில். வலியையும் நான் அப்படித்தான் எழுதினேன். வலி எவ்வளவு என்று எழுத வார்த்தை கிடையாது என்பதால், படுக்கையிலிருந்து தனியாக எழுந்து உட்காரப் பிடித்த நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறித்தேன். சிசேரியனுக்குப் பிறகு மூன்றாம் நாள் நான்கு நிமிடம். முதலில் முழங்காலை மடக்கி, பக்கவாட்டில் உருண்டு, கட்டில் விளிம்பைப் பிடித்து, நிறுத்தி, மூச்சு வாங்கி, பிறகுதான் தலையைத் தூக்க முடியும். ஏழாம் நாள் இரண்டு நிமிடம். இருமல் வந்தால் தலையணையை வயிற்றில் அழுத்திக்கொள்ள வேண்டும். சிரிப்பு வந்தால் இருமலைவிட மோசம். சிரிப்பு வரும் நிலையில் நான் இல்லாதது ஒரு வசதி.

1999இல் எனக்குப் பித்தப்பையை எடுத்தார்கள். நான்கு துளைகள் மட்டும். மூன்றாம் நாள் எழுந்து உட்கார நாற்பது விநாடி. ஆபரேஷனுக்காக வயிற்றை ஊதவைத்த காற்று தோளில் போய்க் குத்தியது. அந்த வலி இரண்டு நாள் இருந்தது, போய்விட்டது. ஆறாம் நாள் தோசை சுட்டேன். அந்த ஆபரேஷனுக்கு எல்லோரும் ஹார்லிக்ஸும் ஆப்பிளும் வாங்கி வந்து, “ஐயோ பாவம், ஆபரேஷன் ஆச்சே” என்றார்கள். சிசேரியனுக்கு யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. அதற்கு எல்லோரும் சர்க்கரைதான் கேட்டார்கள்.

ஆனால் 1992இல் வலியை நான் பொறுத்துக்கொண்டேன். என்னால் மறக்க முடியாதது தண்ணீர்.

பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும், தையல் போட்ட புண் சீழ் பிடிக்கும் என்பது மதினி வீட்டு வழக்கம். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஒன்றரை டம்ளர்தான். காலை அரை, மத்தியானம் அரை, சாயங்காலம் பிரசவ மருந்து உருண்டையோடு அரை. புனேயில் ஏப்ரல் மாத வெயில். பக்கத்து ஃப்ளாட் காக்கூ, மராத்திக்கார அம்மா, ஓமம் போட்டுக் காய்ச்சிய தண்ணீரை ஃப்ளாஸ்க்கில் கொண்டுவந்தார். அவர்கள் வழக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்கு அதை வேண்டும் மட்டும் கொடுப்பார்கள். மதினி வாசலிலேயே அதைத் திருப்பி அனுப்பினார். மூடியைத் திறந்தபோது வந்த ஓம வாசம் கட்டில் வரைக்கும் வந்தது.

எட்டாம் நாள் குளிர்க்காய்ச்சல். சிறுநீர் போகும்போது நெருப்பு. ஒன்பதாம் நாள் மறுபடி ஆஸ்பத்திரி. என் உதட்டையும் நாக்கையும் பார்த்த லேடி டாக்டர், “இவளுக்கு ஏன் தண்ணீர் கொடுக்கவில்லை?” என்று இந்தியில் கத்தினார். பக்கத்தில் நின்ற மதினி தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னார்: “பானி தேத்தா. யே பீத்தா நை.” தண்ணீர் கொடுக்கிறேன், இவள்தான் குடிக்க மாட்டேன் என்கிறாள். டாக்டர் என்னைத் திட்டித் தீர்த்தார். காய்ச்சலில் என் வாயிலிருந்து சத்தம் வரவில்லை. ஆறு நாள் அங்கே இருந்தேன். அதற்குள் பால் வற்றிவிட்டது. மகள் டப்பாப் பாலில் வளர்ந்தாள். ஊருக்குப் போன அடுத்த கடிதத்தில், நோவாமப் பெத்தவளுக்குப் பாலும் இல்லை என்று இருந்தது.

“விடு, அக்கா அப்படித்தான்” என்றார் என் கணவர். நான் விடவில்லை.

இப்போது மதினியின் வயிற்றில் கட்டு மாற்றியபோது பார்த்தேன். எனக்கு எந்த இடத்தில் கோடு இருக்கிறதோ அதே இடத்தில், அதே குறுக்குக் கோடு. விரல் கணுவால் அளந்தால் அவருடையது ஒரு கணு நீளம் அதிகம், அவ்வளவுதான்.

வந்த முதல் நாளே, மகனும் காக்கூவும் பக்கத்தில் இருக்கும்போது அவர் கேட்டார். “ஏட்டி, தொண்ட வறண்டு கெடக்கு. ஒரு செம்பு தண்ணி தா.”

டாக்டர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்த சீட்டு என் கையில்தான் இருந்தது. “செம்பா? புண்ணு சீழ் பிடிச்சிரும்லா மதினி. நீங்க சொன்னதுதான?” என்றேன். அரை டம்ளர் கொடுத்தேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். மகன் முன்னால் தன் வழக்கத்தைத் தானே மறுக்க அவருக்கு வாய் வரவில்லை. “ஆமாமா, அது உள்ளதுதான்” என்று அரை டம்ளரை வாங்கிக்கொண்டார். எனக்கு அது இனித்தது. நாட்குறிப்பில் நான் பொய் எழுதுவதில்லை. இனித்தது என்றே எழுதினேன்.

10ஆம் தேதி ஒன்றேகால் டம்ளர். 11ஆம் தேதி ஒன்றரை. அதற்கு மேல் கேட்டால் கொடுத்திருப்பேன். ஆனால் முதலில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அன்று உனக்குத் தண்ணீர் கொடுக்காதது நான்தான், உனக்கு வலித்தது என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

12ஆம் தேதி மத்தியானம் 3.00 மணிக்குக் காக்கூ இன்னும் இரண்டு பெண்களோடு நோயாளியைப் பார்க்க வந்தார். எங்கள் கட்டடத்தில் நோயாளியைப் பார்ப்பது என்றால் அவரவர் ஆபரேஷனைச் சொல்வது. முதல் பெண்ணுக்கு அப்பெண்டிக்ஸ். இரண்டாவது பெண்ணுக்குத் தன்னுடையது எதுவும் இல்லாததால் கணவரின் மூலத்தைச் சொன்னார். “பதினஞ்சு நாள் குப்புறவே படுத்திருந்தார். டிவியைக்கூடக் கண்ணாடியில்தான் பார்த்தார்.” மதினி சிரிக்கப் போய், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “ஐயோ, சிரிக்க வைக்காதீய” என்று கண்ணில் நீர் வர முனகினார்.

காக்கூ என்னைக் காட்டி, “இவளும் அப்படித்தான் கஷ்டப்பட்டாள். சிசேரியன் ஹோ யா பச்சேதானி, பேட் தோ ஏக் ஹீ ஹை நா?” என்றார். சிசேரியனோ கர்ப்பப்பையோ, வயிறு ஒன்றுதானே.

“அது வேற, இது வேற” என்றார் மதினி தமிழிலேயே. பிறகு கையை ஆட்டி இந்தியில் விளக்கினார். “இஸ்கோ தர்த் நை. இஸ்கோ பச்சா மிலா.” இவளுக்கு வலி இல்லை, இவளுக்குப் பிள்ளை கிடைத்தது. என் பக்கம் திரும்பி, “என்னட்டி, உள்ளதத்தான சொன்னேன்?” என்றார்.

நான் டீக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். சாயங்கால அரை டம்ளரைக் கால் டம்ளராகக் குறைப்பது என்று முடிவு செய்தேன்.

அதைக் குறிக்க நோட்டைத் திறந்தபோதுதான் எண்கள் இடித்தன. 1992இல் ஒன்றரை டம்ளர் குடித்த நான் ஒரு நாளைக்கு இரண்டு முறைதான் சிறுநீர் கழித்தேன். மதினியைக் கைத்தாங்கலாகக் குளியலறை வாசல் வரை நான்தான் கொண்டுபோய் விட்டேன். முந்தின நாள் எட்டு முறை. ஒன்றரை டம்ளர் உள்ளே போய் எட்டு முறை எப்படி வெளியே வரும்? பதிவேட்டில் இப்படி ஒரு சரக்கு வந்தால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

பள்ளியிலிருந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்த மகளிடம், “அத்தை பாத்ரூம்ல ரொம்ப நேரம் என்ன பண்றாங்க?” என்று கேட்டேன்.

“தண்ணி குடிக்கிறாங்க. தொட்டில மக்க விட்டு மோந்து. நேத்து நான் பாத்தேன். ‘அம்மாகிட்ட சொல்லாத, சாக்லேட் தாரேன்’னாங்க. அபி தக் தியா நஹி, இன்னும் தரவே இல்ல.”

5.20க்கு மதினியின் கட்டிலருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். “தொட்டித் தண்ணி குடிக்கிதீங்களா?”

அவர் மறைக்கவே இல்லை. “பெறவு? சாவச் சொல்லுதியா? நாலு பெத்தேன். நாலுக்கும் குடிச்சேன். எங்க அம்ம அந்தப் பக்கம் போனா நான் பானையில செம்ப விட்டு மோந்து குடிப்பேன். எந்தப் பொம்பளட்டி அத அப்படியே செஞ்சா? சொல்லுததச் சொல்லுவாக, குடிக்குததக் குடிப்பாக. அதான வழக்கம்.”

“எனக்கு ஒன்றர டம்ளர்தான தந்தீங்க?”

“தந்தது ஒன்றர. நீ படிச்சவ. ஆபீசு போறவ. கையெட்டுத தூரத்துல தொட்டி இருக்கு. ஒன்றர டம்ளர வாங்கிக்கிட்டுக் கணக்கு எழுதிக்கிட்டு இருப்பேன்னு நான் கண்டனா?”

அந்த நாட்களில் நான் ஒரு வாய்கூடத் திருடவில்லை. சொன்ன அளவு எதுவோ அதுதான் அளவு என்று வளர்ந்தவள் நான். அவர்கள் குடும்பத்தில் அந்த விதியை உண்மையாகவே கடைப்பிடித்த ஒரே முட்டாள் நான்தான். பன்னிரண்டு வருடம் கழித்து நான் கொடுத்த தண்டனையையும் அவர் குளியலறை மக்கில் கரைத்துக் குடித்துவிட்டார்.

“சரி. டாக்டர்ட்ட ஏன் நான் குடிக்க மாட்டேங்கேன்னு பொய் சொன்னீங்க?”

போர்வை நுனியைச் சுருட்டினார். “பயந்துட்டேன். அந்தப் பொம்பள கத்துன கத்துல என்னயப் போலீசுல பிடிச்சுக் குடுத்துருவான்னு நெனச்சேன். பாஷ தெரியாத ஊரு.”

அது உண்மையாக இருக்கலாம். அதனால் எனக்கு ஒன்றும் குறையவில்லை.

“இப்ப வலிக்குதா மதினி?”

“வலிக்காமயா? நாலு பிள்ளைக்கும் சேத்து இந்த வலி இல்லட்டி. பெத்து முடிச்ச மறுநாளு நான் முறத்துல அரிசி பொடச்சேன். இதுல ஒருக்களிச்சுப் படுக்க முடியல. உள்ள கொக்கி மாட்டி இழுத்த மாதிரி இருக்கு.”

“அதே கோடுதான் எனக்கும். இதோட கைப்பிள்ளயும்.”

“ம்.”

“மத்தியானம் காக்கூட்ட வேற மாதிரி சொன்னீங்க?”

“நாலு பேரு முன்னால பின்ன என்ன சொல்ல?”

“எங்கிட்ட மட்டும் சொன்னா போதாது. நாலு பேரு முன்னாலதான் நோவாமப் பெத்தவன்னு சொன்னீங்க. இதையும் அப்படியே சொல்லணும். ஒங்க தங்கச்சிக்குப் போன் போட்டுத் தாரேன்.” அவர் தங்கை ஊரில் இருப்பவர். காலையில் அவரிடம் சொன்னால் மத்தியானத்துக்குள் எல்லா வீட்டுக்கும் போய்விடும். அந்தக் கடிதங்கள் போன வீடுகள் எல்லாவற்றுக்கும்.

“மாட்டேன்னா?”

“மாட்டேன்னா ஒங்க மகன் வெள்ளிக்கெழம சாயங்காலம் ஒங்களப் பாக்க வாரான். தொண்ணூத்திரெண்டு நோட்ட அவன் கையில குடுத்து வாசிக்கச் சொல்லுவேன். தேதியோட.”

“பொல்லாதவட்டி நீ” என்றார் மதினி. “காலையில பாப்போம்.”

நான் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து அவர் கைக்கெட்டும்படி வைத்தேன். இரக்கத்தால் அல்ல. கணக்கு பொய் என்று தெரிந்த பிறகு அதைத் தொடர்ந்து எழுதுவது எனக்குப் பிடிக்காது. கணவர் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் அவரிடம் நான் எதையும் சொல்லவில்லை. காலையில் அவருக்கே தெரியட்டும் என்று இருந்தேன்.

பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை. 5.10க்கு எழுந்தேன். பல் தேய்ப்பதற்கு முன்னால், குழாயைத் திறப்பதற்கு முன்னால், ஹாலில் இருந்த போனை அதன் நீள ஒயரோடு எடுத்துவந்து மதினியின் தலைமாட்டில் வைத்து ஊர் நம்பரை அழுத்தினேன். சவரம் செய்துகொண்டிருந்த என் கணவர் பாதி நுரையோடு அறை வாசலில் வந்து நின்றார். ரிசீவரை மதினி கையில் கொடுத்தேன்.

“நான்தான் பேசுதேன். நல்லாருக்கேன், நல்லாருக்கேன். கேளு. அன்னிக்கு ஒன் அண்ணன் பொண்டாட்டி நோவாமப் பெத்தான்னு சொன்னேம்லா? அது இல்ல. அவளுக்கும் இந்த வலிதான். தண்ணி குடுக்காம நான்தான் அவளக் காய்ச்சல்ல போட்டேன். டாக்டர்ட்ட பொய் சொன்னேன்.”

அந்தப் பக்கத்திலிருந்து வந்த குரல் எனக்கும் கேட்டது. “என்னக்கா, விடியுததுக்குள்ள? மருந்து கிருந்து மாத்திக் குடுத்துட்டாவளா?”

மதினி ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“அவங்களுக்குச் சரியா வெளங்கல மதினி” என்றேன். “இன்னொரு தரம் சொல்லுங்க. கொஞ்சம் சத்தமா.”

அவர் ஒரு கையால் தலையணையை வயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு தரம், சத்தமாகச் சொன்னார்.